வேல்ஸ்காரர்களுக்கு நான் கட்டிய எர்த்

வேல்ஸ் நாட்டிலிருந்து நான்கு வயசானவர்கள் வந்து செஞ்சியில் ராக் கச்சேரி செய்யப்போகிறார்கள், கரண்டு மொத்தமும் நம் பொறுப்பு என்று நைனா வந்து சொன்னபோது, நான் கடையில் உட்கார்ந்து சீரியல் செட் பல்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் ஏற்கெனவே சரி என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

எங்களுடையது மைக் செட் கடை. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் மேடை, லைட், ஜெனரேட்டர் கொடுப்போம். நைனா, அதாவது என் அப்பா, ஆரம்பித்த தொழில். நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படித்தேன். அவருக்கு முட்டி வலி வந்து ஏணி ஏற முடியாமல் போனதிலிருந்து ஒயரிங் முழுக்க என் கையில்தான். பொம்பளை கரண்டு வேலை செய்கிறாளே என்று ஆரம்பத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் இப்போது பார்ப்பதில்லை. ஆனால் நான் பயந்துகொண்டேதான் அந்த வேலையைச் செய்கிறேன் என்பது யாருக்கும் தெரியாது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அனந்தபுரம் பக்கத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மெல்லிசைக் குழுவில் பாட வந்தவர் மைக்கை வாயருகே கொண்டுபோனதும் ஷாக் அடித்துப் பின்பக்கமாக விழுந்தார். விழுந்த பிறகும் மைக் கையை விட்டுப் போகவில்லை. விரல்கள் அதை இறுக்கிக்கொண்டிருந்தன. நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். ஆள் பிழைத்துக்கொண்டார். கீழ் உதட்டில் மட்டும் பட்டாணி அளவுக்குக் கருகியிருந்தது. ஜெனரேட்டர் பழசு, அதனால்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். அன்று காலையில் மேடையின் இரும்புக் குழாயில் உரசிக்கொண்டிருந்த, தோல் உரிந்த ஒரு ஒயரை நான் பார்த்திருந்தேன். மாற்ற வேண்டும் என்று நினைத்து, அப்போதைக்கு டேப் சுற்றினேன். பிறகு மறந்துபோனேன். இதை நைனாவிடம்கூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து யாராவது என் மைக்கில் பேசத் தொடங்கினால் என் உதடு மரத்துப்போகும். அவர்கள் இரண்டு வாக்கியம் பேசி முடிக்கும்வரை நான் மூச்சுவிடுவதில்லை.

வல்லம் போகிற ரோட்டில், கை கால் சரியாக வராத குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற மையம் ஒன்றை ஒரு டிரஸ்ட் நடத்துகிறது. அங்கே வேல்ஸிலிருந்து வந்த ஒரு அம்மா பல வருஷம் இருந்து குழந்தைகளுக்குக் கால் நீவி, நடக்கப் பழக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் போலவே 'இன்னா' என்று பேசுவார். போன வருஷம் காலமாகிவிட்டார். அவருடைய அண்ணன்தான் இந்த பேண்டில் கீபோர்டு வாசிப்பவர். நாற்பது வருஷமாகச் சேர்ந்து வாசிக்கிறார்களாம், ஒரு காலத்தில் அவர்கள் நாட்டில் பெரிய பேராம். புதுச்சேரிக்கு ஒரு நிகழ்ச்சிக்காக வருகிறவர்கள், மையத்துக்குப் பயிற்சிக்கூடம் கட்ட உதவியாக இங்கே ஒரு கச்சேரியை இலவசமாகச் செய்து தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஸ்பீக்கர் எல்லாம் புதுச்சேரியிலிருந்து வரும். மேடையும் கரண்டும் நாங்கள். இடம், கோட்டைப் பக்கம் இருக்கிற ஒரு ரைஸ் மில்லின் நெல் காயப்போடும் களம். நீள நெடுகச் சிமெண்டுத் தரை. பின்னால் மில் முதலாளி நிலக்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லை.

கச்சேரிக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிட்டார்கள். பாடகர் உயரமானவர், படி இறங்கும்போது மட்டும் சுவரைப் பிடித்துக்கொள்வார். டிரம்ஸ் அடிப்பவருக்கு ஒரு காது சுத்தமாகக் கேட்காது, இன்னொன்றில் மெஷின் வைத்திருந்தார். கிதார்காரர் வெயிலைக் கண்டு பயந்து வேனை விட்டு இறங்கவே யோசித்தார். கீபோர்டுக்காரர் யாரிடமும் அதிகம் பேசவில்லை. நேரே மையத்துக்குப் போய், தங்கை தங்கியிருந்த அறையைத் திறந்து காட்டச் சொல்லி, அதற்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். இங்கிலாந்தா என்று கேட்டவர்களிடமெல்லாம், இல்லை, வேல்ஸ் என்று நால்வரும் சிரித்துக்கொண்டே திருத்தினார்கள்.

அவர்களுடன் சவுண்டு பார்க்கிற ஒரு அம்மாவும் வந்திருந்தார். அறுபது தாண்டியிருக்கும், கட்டையாக வெட்டிய நரைமுடி. என்னிடம் கை குலுக்கிய அடுத்த நிமிஷமே எர்த் எங்கே என்று கேட்டார். எனக்கு இங்கிலீஷ் கேட்டால் புரியும், பேசத்தான் வராது. களத்தின் ஓரத்தைக் காட்டினேன்.

எங்கள் ஊரில் எர்த் போடுவது பெரிய பாடு. குழி தோண்டி, செம்புத் தகடு புதைத்து, உப்பும் கரியும் கொட்டித் தண்ணீர் ஊற்ற வேண்டும். எங்காவது ஒயர் பழுதாகி மேடை இரும்பிலோ மைக்கிலோ கரண்டு ஏறினால், அது ஆளைத் தொடாமல் அந்த வழியாக மண்ணுக்குள் போய்விடும். ஆனால் மண் வேண்டுமே. செஞ்சியில் ஒன்றரை அடி தோண்டினால் கடப்பாரை ணங்கென்று பாறையில் விழும். அன்றைக்கும் அப்படித்தான். மூன்று இடத்தில் தோண்டினோம். மூன்றிலும் பாறை. அந்த அம்மா முட்டி போட்டு உட்கார்ந்து தன் மீட்டரை வைத்துப் பார்த்தார். தேவையான அளவுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அவர் எழுந்து போய்ப் பாடகரிடம் பேசினார். அவர்களுக்குள் முக்கியமான பேச்சு என்றால் இங்கிலீஷ் போய் அவர்கள் பாஷை வந்துவிடும். எச்சிலைக் கூட்டிப் பேசுவதுபோல, மெதுவாக இருக்கும். எனக்கு ஒரு எழுத்தும் புரியாது. என்னைத்தான் சொல்கிறார்கள், இவள் கையில் நம் உயிரைக் கொடுக்கலாமா என்றுதான் பேசுகிறார்கள் என்று தோன்றியது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கொல்லையின் ஓரத்தில் ஒரு போர்வெல் இருந்தது. பழைய இரும்புப் பைப், பல நூறு அடி ஆழத்தில் தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறது. அதைவிட நல்ல எர்த் எங்கே கிடைக்கும். அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு முதல்முறையாகச் சிரித்தார். மோட்டார் எப்போது ஓடும் என்று மில் வாட்ச்மேனைக் கேட்டேன். காலையில் மட்டும்தான் போடுவோம் என்றார். அந்தப் பைப்பில் எர்த்துக்கான பச்சை ஒயரைக் கிளாம்பு வைத்து இறுக்கி, களத்தின் ஓரமாக இழுத்து வந்து, மேடைக்குப் பின்னால் இருந்த என் சுவிட்ச் பேனலில் கட்டினேன். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்கு எனக்குச் சோறு ருசித்தது.

கச்சேரி நாளில் இரண்டு மணிக்கு வானம் கறுத்து, அரை மணி நேரம் கோடை மழை கொட்டியது. தார்ப்பாய் போட்டு மேடையைக் காப்பாற்றிவிட்டோம். களம் முழுக்கத் தண்ணீர். ஆட்கள் துடைப்பத்தால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள், சிமெண்டு ஈரம் காயவில்லை. நிறுத்திவிடலாம் என்று நைனாவிடம் இரண்டு தடவை சொன்னேன். புதுச்சேரியிலிருந்தும் சென்னையிலிருந்தும் கார்கள் வந்துகொண்டிருந்தன, எப்படி நிறுத்துவது என்று அவர் கேட்டார். சவுண்டு அம்மா ஒவ்வொரு மைக்காக மீட்டர் வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. மேடையில் மரப்பலகை, அதன்மேல் ரப்பர் விரிப்பு. நான் தேடித் தேடிப் பார்த்தும் பயப்பட ஒரு காரணம் கிடைக்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

ஐந்து மணிக்கு ஆரம்பித்தார்கள். இன்னும் நல்ல வெளிச்சம். மேடைக்கு முன்னால் மையத்துக் குழந்தைகள் வீல்சேரில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நாற்காலிகள், அதற்கும் பின்னால் ஊர் சனம் நின்றுகொண்டிருந்தது. முதல் அடி விழுந்ததும் மில் கூரைத் தகரம் அதிர்ந்து, புறாக்கள் மொத்தமாகக் கிளம்பிப் பறந்தன. படி இறங்கச் சுவரைப் பிடித்தவரா இவர் என்று இருந்தது, பாடகர் அப்படிப் பாடினார். அடித்தொண்டையிலிருந்து வருகிற, கொஞ்சம் கிழிந்த குரல். வயதானவர்கள் காதைப் பொத்திக்கொண்டும் எழுந்து போகாமல் நின்றார்கள். வீல்சேரில் இருந்த குழந்தைகளில் சிலர் கையை ஆட்டினார்கள், ஒருத்தி மட்டும் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். நான் பேனல் பக்கத்தில் நின்று பாடகரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதை மைக்கில் ஒட்டவைத்துத்தான் பாடுவார். ஒயர் வைத்த பழைய மைக். ஒயர் இல்லாத மைக்கை அவர் தொடமாட்டாராம்.

ஐந்தாறு பாட்டு ஆகியிருக்கும். என் பின்னாலிருந்து ஒரு பெண் என் முழங்கையைத் தொட்டாள். வீல்சேரில் சிரித்துக்கொண்டிருந்த குழந்தையின் அம்மா என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. கச்சேரிக்கு முன்னால் மகளைத் தள்ளிக்கொண்டு வந்தபோது பார்த்திருந்தேன். மில் முதலாளியின் கொல்லையில் கூலி வேலை செய்கிறவள். குடிக்கத் தண்ணீர் தேடிப் பின்பக்கம் போயிருக்கிறாள். திரும்பி வரும் வழியில் பச்சை ஒயர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்திருக்கிறாள்.

"யக்கா, அந்த போர் பைப்புலயா ஒயரு கட்டிக்கிறீங்க? மோட்டாரு ஓடச்சொல்ல அத்த தொட்டா ஷாக் அடிக்கும். நாங்க யாரும் கிட்ட போமாட்டோம்."

மோட்டார் காலையில்தானே ஓடும் என்று கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள்.

"ஆட்டோ போட்டுக்கிறாங்கக்கா. மூணு பேஸ் கரண்டு எப்ப வந்தாலும் மோட்டாரு தானா ஓடும்."

நான் கொல்லையைத் திரும்பிப் பார்த்தேன். மல்லாட்டைச் செடிகளுக்கு அந்தப் பக்கம், தொட்டியின் மேலே இருந்த குழாய் வாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வெயிலில் பளபளவென்று, தடிமனாக. எப்போதிருந்து கொட்டுகிறது என்று தெரியவில்லை. இந்தச் சத்தத்தில் மோட்டார் ஓடுவது யார் காதில் விழும்.

மேடையைப் பார்த்தேன். பாடகர் அங்கே இல்லை.

மரச் சாய்வுப் பலகை வழியாக அவர் கீழே இறங்கிப் போயிருந்தார். மைக் ஒயர் பின்னால் பாம்பு மாதிரி இழுபட்டுக்கொண்டு போனது. ஈரச் சிமெண்டில் நின்று, குழந்தைகளின் வீல்சேர்களுக்கு நடுவில் குனிந்து பாடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குழந்தையின் முன்னாலும் மைக்கை நீட்டி ஒரு சத்தம் கொடுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். இரும்பு வீல்சேர்கள். செருப்பில்லாத கால்கள். சிரிக்கிற அந்தக் குழந்தைக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

நான் பேனலின் மெயினை இறக்கினேன்.

பாட்டு அறுந்தது. கிதார் செத்தது. கூட்டத்திலிருந்து 'ஓ'வென்று ஒரு சத்தம் எழுந்தது. டிரம்ஸ் மட்டும் நிற்கவில்லை. காது கேட்காத அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு அடித்துக்கொண்டே இருந்தார். நான் ஒரு மூச்சு விட்டேன். அந்த மூச்சு முழுசாக வெளியே வருவதற்குள் எனக்கு உறைத்தது. மெயினை இறக்கி ஒரு பிரயோஜனமும் இல்லை. எர்த் ஒயர் சுவிட்ச் வழியாகப் போவதில்லை. போர் பைப்பிலிருந்து நேராக மைக்குக்குப் போகிறது. ஆளைக் காப்பாற்றக் கட்டிய ஒயர் வழியாகவே கரண்டு வந்துகொண்டிருக்கிறது. அதை நிறுத்த என்னிடம் சுவிட்ச் இல்லை.

பாடகர் கரண்டு போய்விட்டது என்று கையை விரித்துச் சிரித்தார். இனி என்ன பயம் என்பதுபோல அந்தச் சிரிக்கிற குழந்தையின் முன்னால் குனிந்து, மைக்கை அவள் கையில் கொடுக்கப் போனார்.

மைக்கைக் கீழே போடுங்கள் என்று கத்தினேன். தமிழில் கத்தினேன், இங்கிலீஷ் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை. டிரம்ஸ் சத்தத்தில் அது அவருக்குக் கேட்டிருக்கவும் முடியாது. எனக்குப் பக்கத்தில் நின்ற குழந்தையின் அம்மா மகளைப் பார்த்து ஓடினாள். நான் இடுப்பிலிருந்து ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயரை உருவிப் பச்சை ஒயரில் வைத்து அழுத்தினேன். தடிமனான ஒயர், பாதிதான் இறங்கியது. பிளேயர் வழுக்கியது. அனந்தபுரத்தில் அந்த மனிதரின் விரல்கள் மைக்கைப் பிடித்திருந்த விதம் அப்படியே கண்ணுக்குள் வந்தது. இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலை முட்டுக்கொடுத்து அழுத்தினேன். சின்னதாக ஒரு நீலப் பொறி தெறித்தது. ஒயர் இரண்டாகப் பிரிந்தது.

நிமிர்ந்து பார்த்தபோது மைக் அந்தக் குழந்தையின் கையில் இருந்தது. நான் ஒயரை அறுப்பதற்கு முன்னால் அவள் அதைத் தொட்டாளா, பின்னால் தொட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா மைக்கைத் தட்டிவிட்டு அவளை வீல்சேரோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். பாடகர் ஒன்றும் புரியாமல் குனிந்தபடியே நின்றார்.

நைனா நொண்டிக்கொண்டே மேடைக்குப் பின்னால் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"ஊரே பாக்குது. நடுக் கச்சேரில மெயின இறக்கறதா? இன்னா பாப்பா செய்ற நீ?"

நான் டெஸ்டரை எடுத்து, கொல்லைப் பக்கத்திலிருந்து வருகிற ஒயரின் அறுந்த நுனியில் வைத்தேன். டெஸ்டருக்குள் விளக்கு எரிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஜெனரேட்டர் வண்டியின் படியில் மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

சவுண்டு அம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து மீட்டரை வைத்தார். எண்ணைப் பார்த்ததும் அவர் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. ஸ்பீக்கர் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து சிகரெட் எடுத்தார். பற்றவைக்காமல் அதைக் கையிலேயே வைத்திருந்தார். மோட்டாரை ஒரு தடவை ஓடவிட்டுச் சோதித்திருக்க வேண்டும், தனக்கும் தோன்றவில்லையே என்று இங்கிலீஷில் இரண்டு மூன்று தடவை சொன்னார். என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. யோசனை என்னுடையது, தப்பு என்னுடையது என்று சொல்ல நினைத்தேன். 'மை மிஸ்டேக்' என்று மட்டும் வந்தது. அவர் இல்லை என்று தலையை ஆட்டி, தன்னையும் என்னையும் மாற்றி மாற்றி விரலால் காட்டினார்.

பாடகரிடம் அவர்கள் பாஷையில் நடந்ததைச் சொன்னார். அவர் தன் கையைப் பார்த்தார். உதட்டைத் தொட்டுப் பார்த்தார். கடைசிப் பாட்டில் உதட்டில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது, புதிதாக மாற்றிய பிரஷர் மாத்திரையால் என்று நினைத்தேன் என்றார். தடித்த ரப்பர் அடி வைத்த பூட்ஸ் போட்டிருந்தார். அது இல்லாவிட்டால் கரண்டு அவர் உடம்பு வழியாக ஈரத் தரைக்கு இறங்கியிருக்கும். அதற்குள் கிதார்காரர் போய் டிரம்ஸ்காரரின் தோளைத் தொட்டு நிறுத்தினார். அவர் கண்ணைத் திறந்து, எல்லாரும் ஏன் இப்படி நிற்கிறார்கள் என்று விழித்தார்.

வாட்ச்மேன் போய் ஸ்டார்ட்டரை அணைத்தார். ஆனால் இனி ஒரு ஒயரிலும் கரண்டு ஏற்றக்கூடாது என்று சவுண்டு அம்மா சொல்லிவிட்டார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. டிரஸ்ட் பொறுப்பாளர் கையைப் பிசைந்தார். கூட்டத்தில் பாதி பேர், இவ்வளவுதானா என்று முணுமுணுத்துக்கொண்டு கிளம்பினார்கள். மைக் செட்காரனால் கச்சேரி கெட்டுப்போச்சு என்று ஒருவர் என் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார்.

மீதிப் பேர் கிளம்புவதற்குள் நான்கு பேரும் களத்தில் இறங்கி, வீல்சேர்களுக்கு முன்னால் தோளோடு தோள் நின்றார்கள். கையில் எதுவும் இல்லை. கீபோர்டுக்காரர் ஒரு ஸ்வரம் கொடுத்தார். தங்கள் பாஷையில் பாடினார்கள். ராக் இல்லை, சின்ன வயதில் எல்லாரும் சேர்ந்து பாடிப் பழகியதுபோல ஏதோ ஒன்று. ஆளுக்கு ஒரு குரலில் போய், ஒன்றாக வந்து சேர்ந்தது. மெலிந்த சத்தம்தான், பின்னால் நின்றவர்களுக்குப் பாதிகூடக் கேட்டிருக்காது. அவர்கள் கிட்டே நெருங்கி வந்து சுற்றி நின்றார்கள். கீபோர்டுக்காரர் பாட்டின் நடுவில் நிறுத்திக்கொண்டார், மற்ற மூன்று பேரும் அவருக்கும் சேர்த்துப் பாடி முடித்தார்கள். நன்றாக இருந்தது என்று எல்லாரும் பிறகு சொன்னார்கள். எனக்கு அது சரியாகக் காதில் விழவில்லை. பேனலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கூட்டத்தில் யார் கை எதைத் தொடுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கும் கரண்டு இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நைனா இன்னும் வண்டிப் படியில்தான் இருந்தார். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டும் என்று முன்கூட்டி நினைக்கவில்லை.

"அனந்தபுரத்துல ஜெனரேட்டர் இல்ல நைனா. ஒயரு. காலைலயே பாத்தேன். டேப் சுத்தி வுட்டுட்டேன்."

அவர் இரண்டு கையாலும் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"போய் சொல்லணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போனோம். அன்றைக்கு ஷாக் வாங்கியவர் இப்போது செல்போன் கடை வைத்திருக்கிறார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அன்றைக்கே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார், இவ்வளவு நாளாகத் தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து மைக்கைத் தொடவே இல்லையாம். டீ வாங்கிக் கொடுத்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் அதற்கு முன்னால் மோட்டார் வேலை இருந்தது. கச்சேரிக்கு மறுநாள் காலையில் கிளாம்பைக் கழற்றக் கொல்லைக்குப் போனேன். ஸ்டார்ட்டரை அணைத்துவிட்டு, பியூஸைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பைப்பைத் தொட்டேன். அந்தக் குழந்தையின் அம்மா இன்னும் நாலைந்து பெண்களோடு மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தாள். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். நன்றாகச் சாப்பிட்டாள், தூங்கினாள் என்றாள். இந்தப் பைப்பைப் பற்றி முதலாளியிடம் நீங்கள் யாரும் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"சொன்னோங்க்கா. செருப்பு போட்டுகினு தொடுங்கன்னாரு."

சேற்றில் நின்றுகொண்டிருந்தாள். காலில் செருப்பு இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு எப்படிப் பாத்தியில் வேலை செய்வது. எத்தனை மாதமாக இப்படி என்று கேட்டதற்கு, போன வருஷம் அறுப்பு சமயத்திலிருந்து என்று இன்னொருத்தி சொன்னாள். நேற்று சில நிமிஷம் எனக்கு இருந்த பயம் இவர்களுக்கு ஒரு வருஷமாகத் தினமும் இருந்திருக்கிறது.

மில் முதலாளி மரியாதையான மனிதர்தான். கச்சேரிக்குக் களத்தைச் சும்மா கொடுத்தவர். அறுப்பு முடியட்டும்மா, ஆளை வரவழைத்துப் பார்க்கிறேன் என்றார். பியூஸைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அவரைக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பியூஸைப் போட்டு மோட்டாரை ஓடவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் பைப்பைத் தொடுங்கள் என்றேன். பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் பைப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தொடவில்லை. போனை எடுத்து மோட்டார் ரிப்பேர் செய்கிறவரைக் கூப்பிட்டார்.

வேல்ஸ்காரர்கள் அன்றைக்கு மதியம் கிளம்பினார்கள். சவுண்டு அம்மா தன் மீட்டரை என் கையில் வைத்து அழுத்திவிட்டு வேனில் ஏறினார். பயிற்சிக்கூடம் நினைத்த அளவில் பாதிதான் எழும்பியிருக்கிறது. மீதிக்கு அடுத்த வருஷம் வருகிறோம் என்று கீபோர்டுக்காரர் டிரஸ்டுக்கு எழுதியிருக்கிறாராம். கரண்டு நம் பொறுப்பா என்று கேட்டேன். ஆமாம், உன்னைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்றார் நைனா. இந்தத் தடவை நான் மறுக்கவில்லை.

கச்சேரி முடிந்த மூன்றாம் நாள் மோட்டாரைத் தூக்கினார்கள். முக்காலி கட்டி, பைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே இழுக்க ஒரு பகல் முழுக்க ஆனது. நான் கடையை விட்டுவிட்டு வந்து நின்றுகொண்டிருந்தேன். மோட்டாருக்குக் கொஞ்சம் மேலே, கேபிள் பைப்பில் உரசி உரசி, ஒரு சாண் நீளத்துக்குத் தோல் இல்லாமல் செம்பு தெரிந்தது. புதுக் கேபிள் போட்டு இறக்கி, சாயங்காலம் மோட்டாரை ஓடவிட்டார்கள். நான் டெஸ்டர் வைத்தேன், பிறகு மீட்டர் வைத்தேன். ஒன்றுமில்லை, இனி தொடலாம் என்று பெண்களிடம் சொன்னேன். யாரும் நகரவில்லை. கடைசியில் அந்தக் குழந்தையின் அம்மா சேற்றுக் காலோடு வந்து, பைப்பைப் புறங்கையால் சட்டென்று தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். கொஞ்சம் நின்றாள். பிறகு உள்ளங்கையை அதன்மேல் வைத்து, அங்கேயே வைத்திருந்தாள்.